பழைய போட் எஞ்சினைத் திருத்திச் செய்வதா, விடுவதா? திருகோணமலைப் படகுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகையில் வாடை பலக்கத் தொடங்கினால் திருக்கடலூரிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வள்ளங்கள் கரையேறிவிடும். கடல் அடங்க மாசியாகும். எஞ்சினைப் பற்றி நிதானமாக யோசிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பலர் பங்குனியில், பக்கத்து வள்ளம் மீனோடு வந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். அந்த அவசரத்தில் நல்ல எஞ்சின் தேவையில்லாமல் பிரிக்கப்படும். இல்லையென்றால் செத்த எஞ்சினில் காசு கொட்டப்படும்.

இங்கே நான் பேசுவது 8 முதல் 40 குதிரைவலு வரையான, எரிபொருளோடு ஒயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி. நம் கரையில் ஓடுபவற்றில் கணிசமானவை அவைதான். போர்க்காலத்தில் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சின்ன எஞ்சின்களே அதிகம் புழங்கின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக நிறைய எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். 2022இல் ரூபாய் சரிந்ததும் புது எஞ்சின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. முன்பு யோசிக்காமல் கழித்துவிட்ட எஞ்சினைக்கூட இன்று ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எஞ்சினைச் செய்யலாமா என்று கேட்பதற்கு முன்னால், அது ஏன் போனது என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் தெரியாமல் புதுப் பிஸ்டன் போட்டால், பழைய பிஸ்டனைத் தின்ற அதே கோளாறு புதியதையும் தின்னும். அதனால் காசு செலவாகாத சோதனையிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் செலவான சோதனைக்குப் போக வேண்டும். எந்தப் படியில் 'போதும்' என்று பட்டாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கடலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பலகாமம் குடாவுக்குள்ளோ உட்துறைமுகத்துக்குள்ளோ தொழில் செய்பவருக்கு எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டாவது வரலாம். வெளியே கதை வேறு. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆரம்பித்துவிடுகிறது. துறைமுக வாயைத் தாண்டியதுமே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றர். எஞ்சின் நின்ற இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கலாம் என்ற நினைப்பு அங்கே சரிவராது, கயிறு எட்டாது. நீரோட்டம் கொண்டுபோகும் பக்கம் போக வேண்டியதுதான். 'ஓரளவுக்கு ஓடும்' எஞ்சின் குடாவுக்குள் போதும், வெளிக்கடலுக்குப் போதாது.

1. தகட்டைப் படியுங்கள், கடைக்குப் போங்கள்

வள்ளத்தில் எஞ்சினைப் பூட்டும் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். மொடல் பெயரும் தொடர் இலக்கமும் அதில் இருக்கும். யமஹாவில் மொடலுக்கென்று எழுத்தும் இலக்கமும் கலந்த, மூன்று இடமுள்ள குறியீடு உண்டு. உதிரிப்பாக இலக்கங்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும். அதைப் படம்பிடித்துக்கொண்டு, ஒரு ஆணியைக்கூடக் கழற்றுவதற்கு முன் பாட்ஸ் கடைக்குப் போங்கள். பிஸ்டன், ரிங், கிராங் சீல், கஸ்கட் செட், தண்ணீர் பம்ப், கியர் பெட்டி சீல் எல்லாம் கிடைக்குமா, ஓவர்சைஸ் பிஸ்டன் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்த பிறகு போடும் சற்றுப் பெரிய பிஸ்டன்) இருக்கிறதா என்று கேளுங்கள்.

யமஹா, சுசுகி டூ ஸ்ட்ரோக்குகளுக்குப் பெரிதாகக் கவலையில்லை. ஜோன்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். எவின்ரூட் தயாரிப்பு 2020 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இருக்கிற பாட்ஸ் இருக்கும்வரைதான்.

தகட்டைச் சுரண்டியிருந்தால், அதுவும் நீங்கள் வாங்கப் பார்க்கும் பாவித்த எஞ்சினாக இருந்தால், ரசீது கேளுங்கள். ரசீதும் இல்லை, இலக்கமும் இல்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

2. வெளியே பாருங்கள்

மூடியைக் கழற்றுங்கள். உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அலுமினியம் பொருக்காக உரிகிறதா? பூட்டுகளின் (போல்ட்டுகளின்) தலை உருண்டுவிட்டதா? பிஸ்டன் போனால் வாங்கலாம், ரிங் போனால் வாங்கலாம். உப்பு தின்ற புளொக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சிறிய சுத்தியலால் எக்சோஸ்ட் மூடியின் விளிம்பையும் கீழ் ஹவுசிங்கையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல உலோகம் 'டிங்' என்று சொல்லும். செத்தது மொத்தையாகச் சத்தம் போட்டுத் தூள் உதிர்க்கும்.

துருப்பிடிக்காத இரும்பு பூட்டு, அலுமினியம், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். பூட்டு அதற்குள் இறுகிவிடும். இருபது வருட எஞ்சினில் எக்சோஸ்ட் மூடிப் பூட்டுகளில் ஒன்றிரண்டு முறியாமல் கழன்றால் அது அதிர்ஷ்டம். முறிந்ததைத் துளைத்து எடுத்து, மறை வெட்டி, இன்சேர்ட் போடுவது தனி வேலை, தனிக் கூலி. கணக்குப் போடும்போது மறந்துவிடுகிற செலவு இதுதான்.

எஞ்சின் எப்போதாவது கடலில் மூழ்கியதா என்று விசாரியுங்கள். சொல்ல மாட்டார்கள், எஞ்சின் சொல்லும். பிளைவீலின் அடிப்பக்கத்தில் உப்புப் படலம், இழுகயிற்றுச் சுருளில் துரு, மூடியின் மூலையில் மெல்லிய சேறு இருக்கும். மூழ்கிய எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி ஒயில் விட்டு ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். நாட்கணக்கில் அப்படியே கிடந்திருந்தால் பெயாரிங்குகள் துருப்பிடித்திருக்கும். அதை அடுத்த படியில் கண்டுபிடிக்கலாம்.

3. கையால் சுற்றுங்கள்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, பிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அவசரமே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. நல்ல எஞ்சினில் பிஸ்டன் மேலேறி இறங்குவது வழவழவென்று கைக்குத் தெரியும். துருப்பிடித்த பெயாரிங் இருந்தால் ஆட்டுக்கல்லில் மணல் விழுந்ததுபோல நறநறக்கும். பிறகு பிளைவீலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் விரலுக்குத் தட்டுப்பட்டால் மேல் பெயாரிங் போய்விட்டது.

இந்தச் சின்ன எஞ்சின்களில் கிராங், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, பல துண்டுகளை அழுத்திப் பொருத்திச் செய்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்றோட்டின் பெரிய முனைப் பெயாரிங் போனால், கிராங்கைப் பிரித்து மறுபடி அழுத்தி, நேர்பார்த்து எடுக்க வேண்டும். எல்லா லேத்திலும் அது நடக்காது. புதுக் கிராங் வாங்கினால் செலவில் பெரும்பகுதி அதற்கே போகும். என்னைக் கேட்டால், கிராங் போன பழைய சின்ன எஞ்சினைச் செய்வதைவிட, அதே மொடலில் கியர் பெட்டி உடைந்த இன்னொன்றைத் தேடிப் பிடித்து இரண்டையும் ஒன்றாக்குவது மேல்.

சுற்றவே மறுத்தால் கயிற்றைப் போட்டு இழுக்காதீர்கள். பிளக் துளை வழியாக ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். துருவால் இறுகியது இளகும். சூட்டில் பிஸ்டன் உருகி ஒட்டியது இளகினாலும் சிலிண்டரில் கோடு விழுந்திருக்கும்.

4. குற்றவாளி எஞ்சின்தானா?

'எஞ்சின் இழுக்குதில்லை, செய்ய வேணும்' என்று வருபவற்றில் நிறைய, எஞ்சின் கோளாறே இல்லாதவை. எண்ணெய்க் (எரிபொருள்) குழாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், பம்பின் டயபிரம் கிழிந்திருக்கும், காபரேற்றர் ஜெட் அடைத்திருக்கும். ஒரு சுலபமான சோதனை: எஞ்சின் சோர்ந்து போகும்போது குழாயிலுள்ள ரப்பர் பம்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருங்கள். அமுக்கும்வரை ஓடி, விட்டதும் சோர்ந்தால் கோளாறு எண்ணெய் வரும் வழியில். பிஸ்டனைத் தொடாதீர்கள்.

நெருப்பையும் பாருங்கள். தடித்த நீலப்பொறி வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் கொயில், ஸ்டேற்றர், வயர் முனைகளைப் பாருங்கள். வயர் முனையில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பொறி பார்க்கும்போது பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வரும், பிளக்கைத் தள்ளிப் பிடியுங்கள்.

5. கொம்பிரஷன்

கொம்பிரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம். அதை அளக்கும் மீற்றர் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, கில் சுவிட்சின் கயிற்றை இழுத்துவிட்டு, திரொட்டிலை முழுதாகத் திறந்து, ஊசி ஏறாமல் நிற்கும்வரை பலமாக இழுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும்.

மீற்றருக்கு மீற்றர் எண் மாறும், அதனால் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். மேல் 110, கீழ் 105 பி.எஸ்.ஐ. என்றால் நிம்மதி. மேல் 110, கீழ் 65 என்றால் கீழே ஏதோ நடந்திருக்கிறது. பத்து வீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஓடட்டும். பதினைந்தைத் தாண்டினால் உள்ளே பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் மொடல்களில் கொம்பிரஷன் இயல்பாகவே குறைவு. அதைப் பெற்றோல் மொடலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

கார்க்காரர் சொல்வதுபோல ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கும் சோதனை இங்கே சரியாக வேலை செய்யாது. போட் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கின்றன. ஒயில் அடிப்பக்கத்தில் தேங்குமே தவிர ரிங்கைச் சுற்றிப் பரவாது.

குறைவாக வந்தாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மண்ணெண்ணெய் ஓடிய எஞ்சினில் கரி படிந்து ரிங் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். கரி கரைக்கும் திரவத்தை பிளக் துளை வழியாக விட்டு ஓர் இரவு வைத்து, பிறகு ஓட்டி, மறுபடி அளந்தால் எண் ஏறுவது உண்டு. ஏறினால் ஒரு போத்தல் திரவத்தோடு வேலை முடிந்தது.

இதற்கு எதிர்மாறாக, கொம்பிரஷன் அருமையாக இருந்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மெதுவோட்டத்தில் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங் பெட்டிக்குள்ளும் அழுத்தம் வேண்டும். கிராங் சீல் கசிந்தால் காற்றை உள்ளே இழுக்கும், கலவை வறண்டுபோகும் (எரிபொருள் குறைந்து காற்றுக் கூடும்), அந்தப் பக்கப் பிஸ்டன் சூடேறும். பழைய எஞ்சினில் நான் முதலில் சந்தேகப்படுவது சீலைத்தான்.

6. கியர் பெட்டியும் பரலும்

கியர் பெட்டியின் கீழ்ப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். இரும்புத் துண்டு வந்தால் கியர் உடைந்திருக்கிறது. மேலே எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கு இரட்டிப்பாகும்.

ஓடும் நிலையில் இருந்தால் பரலில் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். பம்ப் தண்ணீர் பலமாக விட வேண்டும். விட்டுவிட்டு வந்தால் பம்பின் இம்பெல்லர் போயிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வழியை உப்பு அடைத்திருக்கும். பலர் எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தேமஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள், 'கடல்தண்ணிதானே, குளிராத்தான் ஓடட்டும்' என்று. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இதைப்போலக் கெடுதல் வேறில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும்.

7. உள்ளே பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

இதுவரை தேறிய எஞ்சினை மட்டும் திறக்கலாம். போனில் பொருத்தும் மெல்லிய கமரா இருந்தால் முதலில் பிளக் துளை வழியாகப் பாருங்கள். பிஸ்டன் தலை கறுத்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் கழுவிவிட்டதுபோலப் பளபளத்தால் அங்கே தண்ணீர் புகுகிறது. பிளக் முனையில் அலுமினியப் பொட்டுகள் இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. பிறகு ஹெட்டைக் கழற்றலாம்.

ஒரு பட்டறையில் கேட்ட பேச்சு இது. வந்தவர், "அண்ணே, பிஸ்டன் மட்டும் மாத்திவிட்டாக் காணும்தானே?" என்றார். மெக்கானிக் கழற்றிய பிஸ்டனை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பினார். எக்சோஸ்ட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு. மறுபக்கம் புதிதுபோல இருந்தது. "தம்பி, மேல் பிஸ்டனுக்கு ஒண்டும் இல்லை. கீழ் பிஸ்டன் மட்டும் ஏன் இழுபட்டதெண்டு சொல்லு, பிறகு பிஸ்டனைப் பற்றிக் கதைப்பம்." கீழ்க் காபரேற்றரைத் திறந்தபோது ஜெட்டில் பச்சைப் பொருக்கு அடைத்திருந்தது.

பிஸ்டனைப் படிக்கும் விதம் அதுதான். ஒரே சிலிண்டர், ஒரே பக்கம் கோடு என்றால் அந்தச் சிலிண்டருக்குக் கலவை வறண்டிருக்கிறது, ஜெட்டையும் சீலையும் பாருங்கள். எல்லாப் பிஸ்டனும் சுற்றிலும் இழுபட்டிருந்தால் சூடேறியது, இல்லாவிட்டால் ஒயில் கலக்க மறந்தது. தண்ணீர் பம்ப், அடைத்த வழி, கலவை அளவு மூன்றையும் பாருங்கள். தலையில் துளை அல்லது விளிம்பு உருகல் என்றால் வறண்ட கலவையோ தவறான இக்னிஷனோ. சுவரில் துருக்குழி என்றால் ஓடாமல் கிடந்த பாவம். ரிங் உடைந்து சிலிண்டர் சுவரிலுள்ள வாயு வழியில் (போர்ட்) மாட்டியிருந்தால் காரணம் கரி.

ஹெட்டும் புளொக்கும் சேரும் முகத்தை நகத்தால் தடவுங்கள். தண்ணீர் வழிக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள சுவரை உப்பு தின்றிருந்தால் புதுக் கஸ்கட் கொஞ்ச நாள்தான் தாங்கும். வெல்டிங் வைத்துச் சமன்செய்யலாம் என்பார்கள். பழைய உப்பேறிய அலுமினியத்தில் அது நிற்பது அரிது. இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன்.

8. கணக்கு

இனித்தான் காசு. பிஸ்டன், ரிங், பின், சின்ன முனைப் பெயாரிங், கிராங் சீல்கள், முழுக் கஸ்கட் செட், காபரேற்றர் கிட், தண்ணீர் பம்ப் கிட், தேமஸ்டாட், கியர் பெட்டி சீல், பிளக், லேத்துக் கூலி, மெக்கானிக் கூலி. இதில் ஒன்றையும் 'பிறகு பார்ப்போம்' என்று வெட்டாதீர்கள். வெட்டியது கடலில்தான் ஞாபகம் வரும். வந்த தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள், முறியப்போகும் பூட்டுகளுக்கு.

நல்ல நிலையிலுள்ள அதே வகைப் பாவித்த எஞ்சினின் விலையில் பாதிக்குள் இந்தத் தொகை நின்றால் செய்யுங்கள். பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். முக்காலைத் தாண்டினால் விடுங்கள். உங்களுக்குத் தெரிந்த, நீங்களே ஓட்டிய எஞ்சினென்றால் கொஞ்சம் கூடப் போகலாம். பிறர் எஞ்சினின் சரித்திரம் நமக்குத் தெரியாதே.

எண்ணெய்ச் செலவும் கணக்கில் வரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது, அதிகம் குடிக்கும் பழைய எஞ்சின் என்ன விலை என்று எல்லோருக்கும் விளங்கியது. நாள் முழுக்க ஓடுபவர்கள், புறாமலைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களைக் கூட்டிச் செல்பவர்கள், பாவித்த ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றையும் விசாரிக்கலாம். எண்ணெய் கணிசமாகக் குறையும், புகையும் இல்லை. ஆனால் அதற்குப் பெற்றோல்தான் வேண்டும், பாரமும் கூட. விடியலில் போய்க் காலையில் வலை இழுத்து வருபவருக்கு அந்த மாற்றம் கட்டுப்படியாகாமல் போகலாம்.

9. செய்வதென்று முடிவானால்

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு சிலிண்டரை போர் அடிக்க (உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க) கொடுங்கள். ஓவர்சைஸ் பெரும்பாலும் 0.25, 0.50 மில்லிமீற்றராக வரும். கையிலுள்ள பிஸ்டனை மைக்ரோமீற்றரில் அளந்து, அதற்கேற்றபடி லேத்துக்காரர் வெட்ட வேண்டும். முன்பே கடைசி அளவுக்கு வெட்டியிருந்தால் சிலீவ் (சிலிண்டருக்குள் புது உள்ளுறை) போட வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குப் பெற்றோல் மொடலின் ஹெட்டைப் போட விடாதீர்கள். கொம்பிரஷன் ஏறி, மண்ணெண்ணெயில் தட்டத் தொடங்கும். புதுப் பிஸ்டன் தாங்காது. கழற்றிய பழைய சாமான்கள் அத்தனையும் திருப்பி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

ஒயில் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முச்சக்கரவண்டிக்கு விற்கும் டூ-டி ஒயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. போட் எஞ்சினுக்கு டி.சி.-டபிள்யூ3 என்று போட்ட ஒயில்தான். புதுப் பிஸ்டனுக்கு முதல் பத்து மணிநேரம் எரிபொருள் 25க்கு ஒயில் 1, அதாவது 20 லீற்றருக்கு 800 மில்லிலீற்றர். பிறகு 50க்கு 1, 20 லீற்றருக்கு 400. உங்கள் மொடலின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு உட்துறைமுகத்தைப்போல இடம் கிடைக்காது. அலையில்லை, கரை பக்கம். முதலில் பத்து நிமிடம் மெதுவோட்டம். பிறகு ஒரு மணிநேரம் நிறைவதற்குள் அரைத் திரொட்டிலைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது மணிநேரம் முக்கால்வரை போகலாம். மிச்ச எட்டு மணிநேரத்தில் முழுதாகத் திறந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒரே வேகத்தில் இழுக்காமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள், ரிங் சுவரில் பதிய அதுதான் வழி. மண்ணெண்ணெய் எஞ்சினென்றால் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடானபின் மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள்.

பத்து மணிநேரம் ஆனதும் பிளக்குகளைக் கழற்றி நிறம் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி மண்ணிறமாக இருக்க வேண்டும். கியர் ஒயிலை மாற்றுங்கள். அதே மீற்றரால் கொம்பிரஷனை அளந்து, எண்ணையும் தேதியையும் அழியாத மையால் மூடியின் உட்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் அளக்கும்போது ஒப்பிட அந்த எண் வேண்டும்.